சாவிக்கொத்தும் நான்கு பதிவேடுகளும்: கடற்கரைத் துணை சுகாதார நிலையத்தில் என் முதல் ஆறு மாதங்கள்

நான் பணியில் சேர்ந்த அன்று என் கையில் தரப்பட்டவை ஒரு சாவிக்கொத்து, நான்கு பதிவேடுகள், கடவுச்சொல் யாருக்கும் தெரியாத ஒரு டேப் ஆகியவை மட்டுமே. தொண்டிக்குத் தெற்கே, பாக் நீரிணைக் கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தின் துணை சுகாதார நிலையம் அது. ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சிலருக்குச் சங்கடம். என் பதவியின் பெயர் இடைநிலை சுகாதாரப் பணியாளர். மருத்துவர் இல்லாத இடத்தில், மருத்துவர் வகுத்துத் தந்த எல்லைக்குள், நோயாளியைப் பார்த்து, பரிசோதித்து, மருந்து கொடுத்து, தேவைப்படுபவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய செவிலியர் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த எல்லை எது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கு எனக்கு ஆறு மாதங்களும், கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 26,000 ரூபாயும் செலவாயின.

என் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டுக்காரி. கடலைத் திருவிழாவுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேனே தவிர, கடற்கரையில் வாழ்ந்தவள் அல்லள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே எத்தனை நெருக்கடி என்றாலும் குரல் கொடுத்தால் நிமிடத்தில் ஒரு மருத்துவர் வந்து நிற்பார். மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த நியமன ஆணை வந்ததும், பத்து நாளுக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமலே மதுரை வேலையை விட்டேன். அதனால் கடைசி மாதச் சம்பளம் 16,500 ரூபாய் கிடைக்கவில்லை. அனுபவச் சான்றிதழையும் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். என்னுடன் தேர்வான இன்னொரு பெண் எழுத்து மூலம் விண்ணப்பித்துப் பதினைந்து நாள் அவகாசம் பெற்றிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆணை கையில் கிடைத்தவுடன் முதலில் செய்ய வேண்டியது பெட்டி கட்டுவது அன்று. அவகாசம் உண்டா என்று ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வதுதான்.

சம்பளத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் கடைசியில் கவனிக்கிறோம். எனக்கு முதல் சம்பளம் மூன்றாம் மாத இறுதியில்தான் வந்தது. காரணம் மிக அற்பமானது: வங்கிக் கணக்குப் புத்தகத்தில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இருந்தது, செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் இருந்தது, ஆதாரில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் சங்கிலியை அடகு வைத்து 25,000 ரூபாய் வாங்கினேன். வட்டியாகப் போனது 1,900. சேருவதற்கு முன்பே இந்த மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவுன்சில் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அறிமுகப் பயிற்சி மூன்று நாள் நடந்தது. குறை சொல்ல முடியாத அளவுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது, துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றுவது அதன் ஒரு பகுதி, அவற்றில் கர்ப்பகால கவனிப்பிலிருந்து முதியோர் பராமரிப்பு வரை 12 வகைச் சேவைகள் தரப்பட வேண்டும் என்பதையெல்லாம் திரையில் காட்டினார்கள். எந்த அறிக்கையை எந்தத் தேதிக்குள் எந்தத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதற்கு ஒன்றரை நாள் போனது. நான் தனியாக இருக்கும்போது விடியற்காலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும், அழைத்தவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. கேட்டிருக்கலாம். எண்பது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் எழுந்து நின்று கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களே என்ற வெட்கம் என்னைத் தடுத்தது. பின்னால் நான் பட்ட பாட்டில் பாதிக்கு அந்த வெட்கமே காரணம்.

பயிற்சி முடிந்த மறுநாள் பொறுப்பு ஒப்படைப்பு. எனக்கு முன் இருந்தவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதல் பெற்றிருந்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நின்றுகொண்டே இருப்புப் பதிவேட்டை நீட்டினார். பீரோவைத் திறந்து காட்டினார். மேல் தட்டு மாத்திரை, நடுத் தட்டு கருவிகள், கீழ்த் தட்டு படிவங்கள் என்றார். நான் எண்ணவில்லை. கையெழுத்துப் போட்டேன். நான்கு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தபோது ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவி, குழந்தைகளுக்கான எடைக்கருவி ஒன்று ஆகியவை பதிவேட்டில் இருந்தன, பீரோவில் இல்லை. காலாவதியான மருந்துகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவை பதிவேட்டில் இருப்பாகவே காட்டப்பட்டிருந்தன. கையெழுத்து என்னுடையது என்பதால் பொறுப்பும் என்னுடையதாயிற்று. 7,350 ரூபாயை மூன்று தவணையில் கட்டினேன். எனக்கு முன் இருந்தவருக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் போகும்போது எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்றார். அவர் பொய் சொன்னார் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு முன் இருந்தவரிடம் அவரும் எண்ணாமல்தான் வாங்கியிருப்பார்.

ஆகவே பேருந்து போனாலும் பரவாயில்லை, எண்ணுங்கள். ஒவ்வொரு மருந்திலும் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். கருவிகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் இயக்கிப் பாருங்கள். குறைவாக இருந்தால் கையெழுத்துக்குக் கீழேயே, இன்ன பொருள் இத்தனை குறைவாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதித் தேதி போடுங்கள். பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் யாரையும் அவமதிப்பது எதுவும் இல்லை.

அந்த நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக ஓர் அக்கா பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறார். ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறந்த தேதி அவருக்கு மனப்பாடம். பட்டப்படிப்பும் தீவிர சிகிச்சை அனுபவமும் கொண்ட நான் போய் எதிர்நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு மனத்தாங்கல். அவருடைய மௌனத்தைப் பார்த்து எனக்கும் மனத்தாங்கல். தடுப்பூசியும் கர்ப்பிணிகளும் அவருடையவை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என்னுடையவை என்று பொதுவாகத் தெரியும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணி யாருடையவர்? ஒரு முறை அப்படி ஒரு பெண்ணை அவர் நான் பார்த்துவிட்டதாக நினைத்தார், நான் அவர் பார்த்துவிட்டதாக நினைத்தேன். ஒன்பது நாள் அந்தப் பெண்ணை யாருமே பார்க்கவில்லை. நல்லவேளையாக, அந்தப் பெண்ணே தலைவலி என்று வந்து நின்றார். அன்றே மேலே அனுப்பினோம், தாயும் பிள்ளையும் நலம். அதன் பிறகுதான் நான் வாய் திறந்து, அக்கா, எனக்கு இந்த ஊர் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம். மருத்துவ அலுவலர், கிராம சுகாதார செவிலியர், நீங்கள் ஆகிய மூவரும் முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இருவர் பொறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடங்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாகப் பிரிந்திருக்கிற வேலைகளால் சிக்கல் வருவதில்லை.

இனி எனக்கு மிகவும் தலைகுனிவு தந்த காலையைச் சொல்ல வேண்டும். சேர்ந்து ஐந்தாம் வாரம். விடிவதற்குள் கதவைத் தட்டினார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவனின் கணுக்காலுக்கு மேல் திருக்கை முள் குத்தியிருந்தது. இருபத்திரண்டு வயது இளைஞன் வலி தாங்காமல் தரையில் புரண்டு கத்தினான். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாண்ட எனக்கு, திருக்கை என்றால் குழம்பு வைக்கிற மீன் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. குளிர்ந்த நீரால் கழுவினேன், பனிக்கட்டி வைத்தேன், இறுக்கமாகக் கட்டுப் போட்டேன். கூட வந்த மூதாட்டி ஒருவர், “வெந்நீர்ல காலை வைக்கச் சொல்லு தாயி, நஞ்சு எறங்கும்” என்றார். “வெந்நீர் ஊத்துனா வீங்கும், சும்மா இருங்க அப்பத்தா” என்று நான் அதட்டினேன். வாகனம் வந்து அவனை ஏற்றிச் செல்லும் வரை அவன் கத்திக்கொண்டே இருந்தான். அன்று முற்பகலில் மேல் மருத்துவமனையிலிருந்து பணி மருத்துவர் அழைத்தார். வெந்நீரில் வைத்ததும் அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது என்றும், அதை நான் அங்கேயே செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த மூதாட்டி சொன்னதுதான் மருத்துவமும் சொல்வது. திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது. சூட்டில் அதன் வீரியம் குறையும். தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை அடிபட்ட காலை மூழ்க வைக்க வேண்டும். வலியில் துடிப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் நல்ல காலையோ நம் கையையோ முதலில் விட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் வலி நின்றாலும் எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டும். தடுப்பூசி நிலையைக் கேட்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டு வருபவரின் தோலில் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது, கடல் தண்ணீரால் கழுவ வேண்டும். வலையில் ஏறிய கடல் பாம்பு கடித்தால் கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசை வலியும் சிறுநீர் கறுப்பதும் வரலாம். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்புக்கு அன்று. எனவே வீக்கம் இல்லையே என்று ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இவற்றில் எதுவும் என் மூன்று நாள் பயிற்சியில் இல்லை. ராமநாதபுரத்துக் கடற்கரைக்குப் போகிற செவிலியருக்கும் கொல்லிமலைக்குப் போகிற செவிலியருக்கும் ஒரே திரைக்காட்சி போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த அப்பத்தா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். விசைப்படகுக்காரர்கள் எந்தெந்தக் கிழமை கடலுக்குப் போவார்கள், பாசி எடுக்கும் பெண்கள் எப்போது இறங்கி எப்போது கரையேறுவார்கள் என்பதை அவரிடம்தான் அறிந்தேன். அதுவரை காலை ஒன்பது மணிக்குச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைத்து, ஆள் வரவில்லை என்று ஊரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளில் போகும் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களைப் பரிசோதிக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. என் முதல் தடைக்காலத்தை நான் அறிக்கை எழுதியே கழித்தேன்.

எல்லை தெரியாமல் வேலை பார்ப்பது ஒருவரை எப்படி இருபுறமும் தள்ளும் என்பதற்கு என் இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் சாட்சி. நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 186/112. வேறு தொந்தரவு இல்லை. மறுநாள் கடலுக்குப் போக வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக நேரமில்லை என்றார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை பீரோவில் இருந்தது. பத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவருக்கு எதுவும் ஆகவில்லை, ஆனால் அது என் திறமையால் அன்று. மருத்துவர் தொடங்கிய மருந்தைத் தொடர்ந்து தரலாம், புதிதாகத் தொடங்க வேண்டுமானால் தொலைமருத்துவத்திலாவது மருத்துவரிடம் கேட்டாக வேண்டும் என்று மருத்துவ அலுவலர் கடுமையாகச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அதன் பிறகு ஒரு மாதம், காய்ச்சல் என்றாலும் வயிற்றுப்போக்கு என்றாலும் எல்லாரையும் பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ஒரு நாள் கூலியை இழந்து போய் வந்தவர்கள், இந்த நர்சம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று வருவதையே நிறுத்தினார்கள். அளவுக்கு மீறிச் செய்ததைவிட, பயந்து எதுவும் செய்யாமல் விட்டதுதான் அந்த ஊருக்கு அதிகக் கேடு என்று இப்போது நினைக்கிறேன்.

அதைச் சரிசெய்தது ஒரே ஒரு தாள். மருத்துவ அலுவலரிடம் நேரம் கேட்டு வாங்கி, நான்கு பத்தி எழுதிக் கையொப்பம் பெற்றேன்: நானே கொடுக்கக்கூடியவை, மருத்துவர் தொடங்கியதை நான் தொடரக்கூடியவை, தொலைபேசியிலோ இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவையிலோ கேட்ட பிறகே கொடுக்க வேண்டியவை, எதையும் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டியவை. ரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பார்வை மங்கலோ கைகால் செயலிழப்போ இருந்தால் நான்காவது பத்தி. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, நீரிழப்பு கடுமையாக இல்லை என்றால் உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் முதல் பத்தி. இதை எழுத நாற்பது நிமிடம் ஆனது. நான் கேட்கும் வரை அவருக்கும் இது தோன்றவில்லை. கேட்டதும் மறுக்கவும் இல்லை. கைபேசிச் சமிக்ஞை எங்கள் நிலையத்துக்குள் கிடைக்காது, பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே நின்றால்தான் கிடைக்கும் என்பதையும் அந்தத் தாளின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பின் வருபவருக்காக.

இந்த வகைச் செவிலியப் பணி உலகுக்குப் புதிது அன்று. அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் 1965-இல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். படித்து முடித்தவர்களை நேராகத் தனி அறையில் உட்கார வைப்பது தவறு என்று உணர்ந்து, கனெக்டிகட்டில் ஒரு சமூக சுகாதார மையம் 2007-இல் புதியவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சிப் பணியை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் குறைந்த நோயாளிகள், பக்கத்தில் எப்போதும் கேட்க ஓர் ஆள். நம்மிடமும் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டாண்டு உறைவிடப் பயிற்சியாகத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. கிராமத்துக்குத் தனியாக அனுப்பப்படுபவருக்கு மட்டும் மூன்று நாள் போதும் என்பது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

சிறு விஷயம்போலத் தோன்றும் ஒன்றையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று கருவிகளைத் தின்றுவிடும். ரத்த அழுத்தக் கருவியின் பேட்டரி முனைகளில் பச்சை பூத்து, அளவு தாறுமாறாகக் காட்டும். வாரம் ஒரு முறை திறந்து துடைப்பேன், பயன்படுத்தாத நாள்களில் பேட்டரியைக் கழற்றி வைப்பேன். சர்க்கரைப் பரிசோதனை ஸ்ட்ரிப் குப்பியை மூடாமல் வைத்தால் ஈரம் ஏறி அளவு பிசகும். நான் வந்த புதிதில் இரண்டு குப்பிகளை அப்படித்தான் வீணாக்கினேன். அந்த நாள்களில் யார் யாருக்குத் தவறான அளவு சொன்னேனோ தெரியாது. மாதக் கூட்டத்துக்குப் போகும்போது கருவியைக் கையோடு எடுத்துச் சென்று, அங்குள்ள கருவியுடன் ஒரே ஆளிடம் ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்.

சென்ற மாதம் பக்கத்து நிலையத்துக்கு ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தார். கேட்காமலே இரண்டு சனிக்கிழமை அவருடன் போய் உட்கார்ந்தேன். பொறுப்பு ஒப்படைப்பின்போது இருவரும் பீரோவை முழுவதும் தரையில் இறக்கி எண்ணினோம். ஒப்படைத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலில் நின்றார். பதிவேட்டில் ரத்த அழுத்தக் கருவி மூன்று, தரையில் இரண்டு. இரண்டு மட்டும் பெற்றுக்கொண்டேன் என்று அந்தப் பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கருவி மறுநாள் காலை ஒன்பது மணிக்குள், ஒரு துணிப்பையில், யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது.